காலேஜ் பயாலஜி வெறும் மனப்பாடமா? முதல் வருஷத்துல திணறுறவங்களுக்கு ஒரு நீளமான பதில்

கேட்டிருக்கிற கேள்வி சுருக்கமா இதுதான்: ஸ்கூல்ல பயாலஜியில நல்ல மார்க், காலேஜ் வந்து முதல் வருஷம் பாதி போயிடுச்சு, நாள் முழுக்க படிக்கிறேன், ஹைலைட்டர் தீர்ந்துதான் போகுது, எக்ஸாம் ஹால்ல உக்காந்தா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடுது, இந்த சப்ஜெக்ட்டே மனப்பாடம்தானா, நடுவுல கெமிஸ்ட்ரியும் மேத்ஸும் எதுக்கு வருது, மெடிக்கல் கிடைக்காம இதுக்கு வந்தேன், எனக்கு இது ஒத்து வருமா? கூடவே அடுத்த வாரம் கிரெப்ஸ் சைக்கிள் (சாப்பாட்டுல இருந்து செல் சக்தி எடுக்கிற ஒரு ரசாயன வட்டம்) ஆரம்பிக்கிறாங்க, நினைச்சாலே பயமா இருக்குன்னும் எழுதியிருக்கீங்க.

நான் பயாலஜியில டிகிரி முடிச்சு, லேப்ல பல வருஷம் வேலை பார்த்துட்டு, இப்போ முதல் ரெண்டு வருஷ பசங்களுக்குத்தான் கிளாஸ் எடுக்கிறேன். அதனால இந்தக் கேள்வியை வேற வேற முகத்துல நிறைய தடவை பார்த்திருக்கேன். உங்க மூளையில ஒரு குறையும் இல்ல. நீங்க படிக்கிற முறை ஸ்கூல் பாடத்துக்குன்னு பழகினது, இங்க இருக்கிற பாரத்தை அது தாங்கல, அவ்வளவுதான்.

ஸ்கூல்ல ஒரு பாடம்னா பத்து பதினஞ்சு பக்கம், பின்னாடி கேள்வி இருக்கும், அதுல இருந்துதான் பரீட்சையில வரும், ரெண்டு ராத்திரி உக்காந்து நெட்டுரு போட்டா மார்க் விழுந்துடும். காலேஜ்ல முதல் வருஷம் கையில கொடுக்கிற அந்தத் தடி புக்கே ஆயிரம் பக்கத்துக்கு மேல போகும், அதுவும் அறிமுகம் மட்டும்தான், அடுத்தடுத்து செல் பயாலஜிக்கு ஒண்ணு, ஜெனிடிக்ஸுக்கு ஒண்ணு, பயோகெமிஸ்ட்ரிக்கு ஒண்ணுன்னு அதே கனத்துல வந்துக்கிட்டே இருக்கும். இதையெல்லாம் வரி வரியா மண்டையில ஏத்தணும்னு கிளம்பினா யாராலயும் முடியாது. ஏத்திட்ட மாதிரி தெரியறவங்களும் பரீட்சை முடிஞ்சு ரெண்டு மாசத்துல எல்லாத்தையும் விட்டுட்டு அடுத்த பேப்பருக்கு மறுபடி அ, ஆ-ல இருந்து ஆரம்பிக்கிறதை வருஷா வருஷம் பார்க்கிறேன், பார்க்கவே கஷ்டமா இருக்கு, ஏன்னா உழைப்புல அவங்க ஒரு குறையும் வைக்கல.

கிளாஸ்ல முதல் நாளே நான் சொல்றது ஒரு விஷயம்தான். புக்ல இருக்கிற ஒவ்வொரு வரியும் யாரோ ஒருத்தர் கேட்ட கேள்விக்குக் கிடைச்ச பதில். கேள்வி என்ன, அதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க, உண்மை வேற மாதிரி இருந்திருந்தா அவங்க கண்ணுக்கு என்ன தெரிஞ்சிருக்கும், இந்த மூணையும் சேர்த்துப் படிச்சா அந்த வரி தானா நிக்கும். பதிலை மட்டும் படிச்சா நிக்காது.

ஒரு உதாரணத்தை முழுசா பார்த்துடுவோம். "டிஎன்ஏ செமி கன்சர்வேட்டிவ் முறையில ரெப்ளிகேட் ஆகுது" அப்படின்னு புக்ல ஒரு வரி வரும், ஹைலைட் பண்ணிட்டுப் போயிடுவோம். ஆனா 1953ல வாட்சனும் கிரிக்கும் ரெண்டு இழை ஒண்ணை ஒண்ணு சுத்திக்கிட்டு இருக்குன்னு அமைப்பைச் சொன்ன பிறகு, செல் ரெண்டாகும்போது இது எப்படி ரெண்டாகுதுங்கிறது யாருக்கும் நிச்சயமா தெரியாது. பழைய ரெண்டு இழையும் பிரியாம அப்படியே இருந்து, புதுசா ரெண்டு இழை தனியா உருவாகலாம். இல்ல, பழசு ரெண்டும் பிரிஞ்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு புது இழை ஜோடி சேரலாம். இல்ல, பழசும் புதுசும் துண்டு துண்டா கலந்து போகலாம். மூணுமே கேட்க நியாயமாத்தான் இருக்கு. மெசல்சன், ஸ்டால்னு ரெண்டு பேர் ஈ.கோலை பாக்டீரியாவை நைட்ரஜன்-15 அப்படிங்கிற கனமான நைட்ரஜன் இருக்கிற மீடியத்துல பல தலைமுறைக்கு வளர்த்து அதோட டிஎன்ஏவையே கனமாக்கிட்டு, அப்புறம் சாதாரண நைட்ரஜன்-14 மீடியத்துக்கு மாத்தினாங்க. ஒவ்வொரு தலைமுறை கழிச்சும் டிஎன்ஏவை எடுத்து சீசியம் குளோரைடு கரைசல்ல அதிவேகமா சுத்தவிட்டாங்க, கனமானது கீழ, லேசானது மேலன்னு தனித்தனி பட்டையா நிக்கும். 1958ல முடிவை வெளியிட்டாங்க.

இப்போ புக்கை மூடிட்டு ஒரு பேப்பரை எடுத்து மூணு டியூப் வரைங்க. முதல் யோசனை சரின்னா ஒரு தலைமுறைக்கு அப்புறம் ஒரு கனமான பட்டை, ஒரு லேசான பட்டைன்னு ரெண்டு வரணும். ஆனா அவங்களுக்கு நடுவுல ஒரே ஒரு பட்டைதான் வந்துச்சு, முதல் யோசனை அங்கயே அவுட். மீதி ரெண்டுக்கும் முதல் தலைமுறையில நடுப்பட்டைதான் வரும், அதனால இன்னும் முடிவு தெரியாது, ரெண்டாவது தலைமுறை வரைக்கும் காத்திருக்கணும். துண்டு துண்டா கலக்குதுன்னா அப்பவும் ஒரே பட்டைதான், கொஞ்சம் மேல நகர்ந்திருக்கும். வந்தது என்னன்னா, நடுவுல ஒண்ணு, மேல லேசா ஒண்ணுன்னு சரிபாதியா ரெண்டு பட்டை. ரெண்டாவது யோசனைதான் உண்மை. இதை ஒரு தடவை உங்க கையால வரைஞ்சுட்டா "செமி கன்சர்வேட்டிவ்"ங்கிற வார்த்தை மறந்து போனாகூட விஷயம் போகாது, பரீட்சையில ரெண்டாவது தலைமுறைக்கு பதிலா மூணாவது தலைமுறை கேட்டாலும் நீங்களே போட்டுடுவீங்க. (நடுப்பட்டை கால் பங்கு, லேசான பட்டை முக்கால் பங்கு. ஏன்னு யோசிச்சுப் பாருங்க.)

இதே மாதிரி எலக்ட்ரான் டிரான்ஸ்போர்ட் செயின், அதாவது எலக்ட்ரானைக் கை மாத்தி கை மாத்தி செல்லுக்கு சக்தி எடுக்கிற வரிசை. பசங்களை ரொம்ப வதைக்கிற பாடம் இதுதான், ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு காம்ப்ளெக்ஸ் பேரு, எது எதுக்கு எலக்ட்ரானைக் கொடுக்குதுன்னு ஒரு பெரிய அட்டவணை. நான் அட்டவணையை ஓரமா வெச்சுட்டு கிளாஸ்ல ஒரு கேள்வி கேட்பேன்: மைட்டோகாண்ட்ரியாவோட உள் மெம்பிரேன்ல ஒரு ஓட்டை போட்டு புரோட்டானை சும்மா கசிய விட்டா என்ன ஆகும்? ஆக்ஸிஜன் செலவு கூடுமா குறையுமா? பாதி கிளாஸ் குறையும்னு சொல்லும். நிஜத்துல கூடும். செயின் வேலை செய்யறது புரோட்டானை ஒரு பக்கமா தள்ளித் தேக்கி வைக்கிறதுக்கு, அந்தத் தேக்கம் நிறைஞ்சா செயினோட வேகம் மட்டுப்படும், கசிஞ்சுட்டா தள்ளு தள்ளுன்னு ஓடிக்கிட்டே இருக்கும், ஆக்ஸிஜன் எரியும், ஆனா ஏடிபி (செல் செலவு பண்ற சக்தி மூலக்கூறு) வராது, எல்லாம் வெறும் சூடா போகும். இது கற்பனை இல்ல. டைநைட்ரோஃபீனால்னு ஒரு கெமிக்கல் இதைத்தான் செய்யுது, 1930கள்ல அதை உடம்பு இளைக்கிற மருந்தா சாப்பிட்டாங்க, இளைக்கவும் செஞ்சாங்க, சில பேர் உடம்புல சூடு ஏறி ஏறி இறந்தே போனாங்க, 1938ல அமெரிக்காவுல அந்த விற்பனையை நிறுத்தினாங்க. சயனைடு இதுக்கு நேர் எதிர், நாலாவது காம்ப்ளெக்ஸை அடைச்சுடும், ரத்தத்துல ஆக்ஸிஜன் இருக்கும், செல்லால அதைப் பயன்படுத்த முடியாது. இந்த ரெண்டு விஷத்தையும் புரிஞ்சுக்கிட்டவங்களுக்கு அந்த அட்டவணை ஒரு மேப் மாதிரி ஆயிடும், எந்த ரோடு எங்க அடைபட்டா எங்க டிராஃபிக் நிக்கும்னு தெரிஞ்சுடும். இந்தப் புரோட்டான் தேக்கத்துலதான் சக்தி இருக்குன்னு பீட்டர் மிட்செல் 1961ல சொன்னப்போ நிறைய பேர் நம்பல, நோபல் பரிசு 1978லதான் வந்துச்சு, அந்தப் பதினேழு வருஷ வாதத்தைத்தான் நீங்க ஒரு மணி நேர கிளாஸ்ல கேட்கிறீங்க, அதனால ஒரே தடவையில புரியலன்னா மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க.

"எல்லாம் கலந்துடுது"ன்னு சொன்னீங்களே, அதுக்கு வேற காரணமும் உண்டு. காலேஜ்ல செல் பயாலஜி, ஜெனிடிக்ஸ், எவல்யூஷன், பிசியாலஜின்னு தனித்தனி பேப்பரா வெட்டிக் கொடுத்துடறாங்க, அதனால நாமளும் தனித்தனி டப்பாவுல போட்டு வைக்கிறோம். அதை சேர்த்துக் கட்ட ஒரு கயிறு வேணும். நான் கொடுக்கிற கயிறு சிக்கிள் செல் அனீமியா. பீட்டா குளோபின் ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறுது, ஜிஏஜி இருந்த இடத்துல ஜிடிஜி, இது மாலிகுலர் பயாலஜி. அதனால ஆறாவது இடத்துல குளுட்டாமிக் ஆசிட் போய் வேலின் வருது, குளுட்டாமிக் ஆசிட்டுக்கு சார்ஜ் உண்டு, தண்ணியோட ஒத்துப் போகும், வேலின் தண்ணியை விட்டு ஒதுங்கப் பார்க்கும், இது கெமிஸ்ட்ரி. ஆக்ஸிஜன் குறைஞ்ச இடத்துல அந்த வேலின் பக்கத்து ஹீமோகுளோபின்ல ஒட்டி, நீள நீளமா கம்பி மாதிரி கோத்துக்குது, ரத்த செல் அரிவாள் மாதிரி வளைஞ்சு சின்ன ரத்தக்குழாய்ல அடைச்சுக்குது, வலி வருது, இது பிசியாலஜி. அப்பா அம்மா ரெண்டு பேருமே கேரியர்னா, அதாவது மாறின ஜீன்ல ஒரு காப்பி மட்டும் வெச்சிருந்தா, ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலுல ஒரு வாய்ப்பு, இது ஜெனிடிக்ஸ். இவ்வளவு கெடுதல் பண்ற ஜீன் ஏன் அழிஞ்சு போகலன்னா, ஒரே ஒரு காப்பி வெச்சிருக்கிறவங்களுக்கு மலேரியா தீவிரமா ஆகறது குறைவு, அதனால அந்த ஜீன் மலேரியா இருக்கிற இடங்கள்லயே அதிகமா இருக்கு, அந்தோனி அலிசன் 1954ல இதைக் காட்டினார், இது எவல்யூஷன். ஒரு எழுத்துல ஆரம்பிச்சு எவ்வளவு தூரம் வந்துட்டோம் பாருங்க. புதுசா ஏதாவது படிக்கும்போது இந்தக் கயிறுல எங்க முடிச்சுப் போடலாம்னு ஒரு நிமிஷம் யோசிங்க, பாதிக்குப் பாதி எங்கயாவது மாட்டும்.

சரி, தினமும் உக்காந்து என்ன பண்றது? ஹைலைட்டரை மூடி வைங்க. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது எல்லாம் பழகின முகமா தெரியும், அந்தப் பழக்கத்தைத்தான் தெரிஞ்சதுன்னு நினைச்சு ஏமாந்துடறோம். ரோடிகர், கார்பிக்னு ரெண்டு சைக்காலஜி ஆராய்ச்சியாளர்கள் 2006ல வெளியிட்ட ஒரு சோதனை இருக்கு, மாணவர்கள்ல ஒரு குழு பாடத்தைத் திரும்ப வாசிச்சது, இன்னொரு குழு வாசிச்சுட்டு மூடி வெச்சு ஞாபகத்துல இருந்து எழுதிப் பார்த்தது. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா வாசிச்சவங்க ஜெயிச்சாங்க. ஒரு வாரம் கழிச்சு வெச்சா எழுதிப் பார்த்தவங்க நல்லாவே முந்திட்டாங்க. உங்க பரீட்சை அஞ்சு நிமிஷத்துல இல்லையே. அதனால வெள்ளைப் பேப்பர், பேனா, அவ்வளவுதான் வேணும். கிளாஸ் முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம், நோட்டைத் திறக்காம, ஞாபகம் இருக்கிறதை படமா வரைங்க, அம்புக்குறி போட்டு எது எதுக்குக் காரணம்னு எழுதுங்க. பாதியில நின்னுடும், நிக்கட்டும். நின்ன இடத்துல சிவப்புல ஒரு வட்டம் போட்டுட்டு அப்புறமா புக்கைத் திறந்து அந்த இடத்தை மட்டும் படிங்க. ரெண்டு நாள் விட்டு மறுபடி, அப்புறம் ஒரு வாரம் விட்டு மறுபடி. முதல் ரெண்டு வாரம் எரிச்சலா இருக்கும், ஒண்ணுமே தெரியலன்னு தோணும், அந்த எரிச்சலைத் தாண்டி வந்த பசங்க யாரும் பழைய முறைக்குத் திரும்பிப் போனதை நான் பார்த்ததில்ல. வரைஞ்சதை வாய் விட்டு சொல்லிப் பாருங்க, அதுவும் தமிழ்ல சொல்லிப் பாருங்க. "ஆஸ்மோசிஸ் ஈஸ் தி மூவ்மென்ட் ஆஃப்"னு ஆரம்பிச்சா வாய் ஓடிடும், மனசு ஓடாது. "தண்ணி ஏன் அந்தப் பக்கம் போகுது?"ன்னு கேட்டுட்டு தமிழ்ல பதில் சொல்ல முயற்சி பண்ணினா, புரியாத இடத்துல நாக்கு டக்குனு நின்னுடும்.

பேருங்க ஒரு தனித் தொல்லை, அதை ஒத்துக்கறேன். ஆனா முக்கால்வாசி பேரு கிரேக்க, லத்தீன் துண்டுகளை ஒட்டினதுதான், ஒரு அம்பது துண்டு தெரிஞ்சா போதும். லைசிஸ்னா உடையறது, அப்போ கிளைக்காலிசிஸ் சர்க்கரை உடையறது, ஹீமோலிசிஸ் ரத்த செல் உடையறது. சைட்டுன்னா செல், ஹெபட்டோன்னா கல்லீரல், அப்போ ஹெபட்டோசைட் என்னன்னு நான் சொல்லணுமா? நோட்டோட கடைசிப் பக்கத்துல இந்தத் துண்டுகளை சேர்த்துக்கிட்டே வாங்க.

இப்போ கெமிஸ்ட்ரி. இதைத் தள்ளிப் போடறவங்கதான் ரெண்டாவது வருஷம் பயோகெமிஸ்ட்ரியில மாட்டிக்கிறாங்க. எல்லா கெமிஸ்ட்ரியும் வேண்டாம், ஹைட்ரஜன் பாண்ட், சார்ஜ், தண்ணியோட ஒட்டறது ஒட்டாதது, பிஹெச், பஃபர், எலக்ட்ரான் யாரு கொடுக்கிறா யாரு வாங்கறா, இவ்வளவும் கை வந்துட்டா புரோட்டீன் ஏன் மடியுது, மெம்பிரேன் ஏன் தானா உருவாகுது, என்சைம் எப்படி வேலை செய்யுதுன்னு எல்லாத்துக்கும் அடிப்படை வந்துடும். 20 அமினோ ஆசிட்டை அகர வரிசையில நெட்டுரு போடாதீங்க, பாஸிட்டிவ் சார்ஜ், நெகட்டிவ் சார்ஜ், சார்ஜ் இல்லாம தண்ணியோட சேர்றது, தண்ணியை விட்டு ஒதுங்கறதுன்னு நாலு குடும்பமா பிரிங்க. சிக்கிள் செல்லுல நடந்தது ஒரு குடும்பத்து ஆள் போய் இன்னொரு குடும்பத்து ஆள் வந்ததுதான்.

மேத்ஸ் விஷயத்துல எனக்கு ஒரு ஆதங்கமே உண்டு. "கணக்கு வராது, அதான் பயாலஜி எடுத்தேன்"னு சொல்ற பசங்க கிட்ட நான் ஒரு கணக்கு போட்டுக் காட்டுவேன். ஒரு ரிசெஸிவ் நோய் 10,000 பேர்ல ஒருத்தருக்கு வருதுன்னு வைங்க. ரொம்ப அபூர்வம், இல்லையா? நோய் வர ரெண்டு காப்பி வேணும், அப்போ அந்த ஜீனோட அளவு 10,000ல ஒண்ணோட வர்க்கமூலம், அதாவது 100ல ஒண்ணு. ஒரு காப்பி மட்டும் வெச்சிருக்கிற கேரியர் எவ்வளவுன்னா ரெண்டை 0.99ஆலயும் 0.01ஆலயும் பெருக்கணும், 0.0198, கிட்டத்தட்ட அம்பது பேர்ல ஒருத்தர். ஒரு நோயாளிக்குப் பின்னாடி நோயே இல்லாத 198 கேரியர். உங்க கிளாஸ்ல அம்பது பேர் இருந்தா கணக்குப்படி அதுல ஒருத்தர். இது 1908ல ஹார்டி, வெயின்பெர்க்னு ரெண்டு பேர் தனித்தனியா சொன்ன கணக்கு, ஸ்கூல் அல்ஜீப்ராவைத் தாண்டி ஒண்ணுமே இதுல இல்ல. நோய் இருக்கிறவங்களைத் தடுத்துட்டா நோயே ஒழிஞ்சுடும்னு ஒரு காலத்துல கொடூரமா யோசிச்சவங்க இருந்தாங்க, ஜீன் கிட்டத்தட்ட எல்லாமே ஆரோக்கியமா இருக்கிறவங்க கிட்டதான் இருக்குன்னு இந்த ஒரு வரி கணக்கே சொல்லிடுது. இதைப் பார்த்துட்டு ஒரு பொண்ணு கிளாஸ் முடிஞ்சும் போகாம உக்காந்து வேற வேற எண் போட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தா, அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

ஸ்டாட்டிஸ்டிக்ஸும் அப்படித்தான், பயப்படாம தொடுங்க. மெண்டல் பட்டாணியில ரெண்டாவது தலைமுறையில 5,474 உருண்டை, 1,850 சுருக்கம்னு எண்ணினார். மூணுக்கு ஒண்ணுன்னா 5,493, 1,831 வரணும், 19 வித்தியாசம். இது தற்செயலா, இல்ல மூணுக்கு ஒண்ணுங்கிறதே தப்பா? எண்ணினது எதிர்பார்த்ததுல இருந்து எவ்வளவு விலகியிருக்குன்னு காட்டுற கை-ஸ்கொயர் போட்டா 0.26 வரும், தற்செயல்னு ஒத்துக்கிற எல்லை 3.84, அப்போ இந்த வித்தியாசம் சாதாரணமா வரக்கூடியதுதான். நீங்களே ஒரு தடவை கையால போட்டுப் பாருங்க. அப்புறம் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையில பி வேல்யூன்னு பார்த்தாலும் அது என்ன கேள்விக்குப் பதில்னு தெரியும்.

லேப் பத்தி நீங்க கேட்கல, ஆனா எனக்கு அதுதான் முக்கியம். நிறைய பேருக்கு பிராக்டிகல்னா ரெக்கார்ட் நோட்டை அழகா எழுதி கையெழுத்து வாங்கறது. நான் முதல் வருஷம் படிச்சப்போ கிராம் ஸ்டெயின் பிராக்டிகல், பாக்டீரியாவுக்கு சாயம் போட்டு ஊதா, பிங்க்னு வகை பிரிக்கிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் கொடுத்திருந்தாங்க, ஊதாவா வரணும்னு புக்ல இருக்கு. எனக்கு மைக்ராஸ்கோப்ல பார்த்தா மொத்தமும் பிங்க். பக்கத்துல இருந்தவங்க ஊதான்னே எழுதிடு, யாரு பார்க்கப் போறான்னு சொன்னாங்க. நான் தயங்கி நின்னதை மேடம் பார்த்துட்டு வந்து லென்ஸ்ல பார்த்தாங்க, திட்டல, "ஆல்கஹால் எவ்வளவு நேரம் ஊத்தினம்மா?"ன்னு மட்டும் கேட்டாங்க. நான் எண்ணவே இல்ல. "சரி, மூணு ஸ்லைடு போடு, ஒண்ணுக்கு அஞ்சு செகண்ட், ஒண்ணுக்கு இருபது செகண்ட், ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம்"னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. போட்டேன். முதல்ல நல்ல ஊதா, ரெண்டாவதுலயும் ஊதாதான், மூணாவதுல ஊதாவும் பிங்க்கும் கலந்து திட்டுத் திட்டா. கிரிஸ்டல் வயலட் எல்லா பாக்டீரியாவுக்குள்ளயும் போகும், அயோடின் அதோட சேர்ந்து பெரிய கட்டியாகும், ஊதாவா நிக்கிற கிராம் பாஸிட்டிவ் வகையில செல் சுவர் தடிமனா இருக்கறதால அந்தக் கட்டி சீக்கிரம் வெளிய வராது, ஆனா ஆல்கஹாலை அளவுக்கு மேல ஊத்தினா அதுவும் கழுவிக்கிட்டு வந்துடும், அப்புறம் சாஃப்ரனின் போட்டா பிங்க். அப்போ ஊதாவா பிங்க்கான்னு பார்க்கிறதே எந்த சுவர் எவ்வளவு நேரம் சாயத்தைப் பிடிச்சு வைக்குதுங்கிற போட்டியைப் பார்க்கிறதுதான். இதை அந்த மூணு ஸ்லைடு சொல்லிக் கொடுத்துச்சு. அன்னைக்கு ஊதான்னு பொய்யா எழுதியிருந்தா எனக்கு இது இன்னைக்கு வரைக்கும் ஒரு நாலு ஸ்டெப் செய்முறையாவே இருந்திருக்கும்.

அதனால லேப்ல ரெண்டு விஷயத்தைப் பிடிச்சுக்கோங்க. பார்த்ததை வரைங்க, புக்ல இருக்கிறதை வரையாதீங்க. வெங்காய வேர் நுனி ஸ்லைடு போட்டா எல்லாரும் பிரிஞ்சுக்கிட்டு இருக்கிற மெட்டாஃபேஸ், அனாஃபேஸ் செல்லைத் தேடி ஓடுவாங்க, ஆனா கண்ணுல படறதுல பெரும்பாலானது இன்னும் பிரிய ஆரம்பிக்காத இன்டர்ஃபேஸ். எண்ணிப் பாருங்க. 200 செல்லுல 20 செல் பிரிஞ்சுக்கிட்டு இருந்தா, ஒரு செல் தன்னோட சுழற்சியில ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு நேரத்தை பிரியறதுல செலவு பண்ணுதுன்னு அர்த்தம். செத்துப் போய் அசையாம இருக்கிற ஒரு ஸ்லைடுல இருந்து நேரத்தை அளக்கலாம்! எனக்கு இப்பவும் இது ஆச்சரியம்தான்.

இன்னொண்ணு கன்ட்ரோல். பிசிஆர் (ஒரு டிஎன்ஏ துண்டைப் பல மடங்கா நகல் எடுக்கிற முறை) போடறீங்க, ஜெல்லுல அந்த டிஎன்ஏ பட்டை, அதாவது பேண்ட், வரல. அந்த ஜீன் இல்லையா, இல்ல என்சைம் வேலை செய்யலையா? ஜீன் இருக்குன்னு ஏற்கனவே தெரிஞ்ச ஒரு சாம்பிளையும் கூடவே போட்டிருந்தா உடனே தெரியும், போடலைன்னா அந்த ஒரு நாள் வேலைக்கு எந்த அர்த்தமும் கிடையாது. டிஎன்ஏவே போடாம வெறும் தண்ணி வெச்ச டியூப்ல பேண்ட் வந்தா எங்கயோ கலப்படம் ஆகியிருக்குன்னு அர்த்தம். எந்த எக்ஸ்பெரிமென்ட் படிச்சாலும் "இதுல கன்ட்ரோல் எது, அது இல்லைன்னா எப்படி ஏமாந்திருப்போம்?"னு கேளுங்க, வைவாவுல இதைக் கேட்காத எக்ஸாமினர் கம்மி. டைல்யூஷன் கணக்கும் கை விரல்ல இருக்கணும். ஒரு மில்லியை ஒன்பது மில்லியில ஆறு தடவை கலந்து, அதுல 0.1 மில்லியை பிளேட்ல பரப்பி, 43 காலனி வந்தா முதல் குழாய்ல ஒரு மில்லிக்கு 43 கோடி பாக்டீரியா. ஒரு பூஜ்யத்தை விட்டா பத்து மடங்கு தப்பு, அதனால ஒவ்வொரு தடவையும் எழுதிப் போடுங்க, மனசுல போடாதீங்க.

மெடிக்கல் கிடைக்கலங்கிற வருத்தம் பத்தி. அது உண்மையான வருத்தம், மறந்துடுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இதை அதுக்குக் கீழ இருக்கிற படிக்கட்டா நினைச்சு மூணு வருஷத்தை ஓட்டாதீங்க. டாக்டர் கொடுக்கிற மருந்து ஏன் வேலை செய்யுதுன்னு கண்டுபிடிக்கிறது இந்தப் பக்கம்தான் நடக்குது. வேற வாசல் வழியா இங்க வந்தவங்களும் நிறைய. கிரிக் பிசிக்ஸ் படிச்சவர். வெங்கி ராமகிருஷ்ணன் பிசிக்ஸ்ல பிஹெச்டி முடிச்சுட்டு, அப்புறம் பயாலஜியை மறுபடி மாணவனா உக்காந்து படிச்சார், செல்லுல புரோட்டீன் செய்யற ரைபோசோமோட அமைப்புக்காக 2009ல கெமிஸ்ட்ரி நோபலைப் பகிர்ந்துக்கிட்டார். வேலை வாய்ப்பு பத்தி தனியா கேளுங்க, அது ஊருக்கு ஊர் மாறும். இப்போதைக்கு ஒண்ணு மட்டும், ரெண்டாவது வருஷத்துக்குள்ள ஏதாவது ஒரு லேப்ல லீவுல போய் நில்லுங்க, முதல் மாசம் கண்ணாடிப் பாத்திரம் கழுவறதா இருந்தாலும் பரவாயில்ல, அங்க நடக்கிற பேச்சைக் கேட்டாலே உங்களுக்கு இது பிடிக்குமா இல்லையான்னு தெரிஞ்சுடும், என் பதிலை விட அது நம்பகமானது.

கடைசியா, அடுத்த வாரம் வர்ற கிரெப்ஸ் சைக்கிள். எட்டு படி, எட்டு என்சைம், எல்லாரும் ஒரு சுருக்கெழுத்து வாக்கியம் வெச்சு மனப்பாடம் பண்ணுவாங்க. நீங்க முதல்ல கார்பனை மட்டும் எண்ணுங்க: ரெண்டு கார்பன் உள்ள வருது, நாலோட சேர்ந்து ஆறாகுது, ஒரு கார்பன் டை ஆக்சைடு போய் அஞ்சு, இன்னொண்ணு போய் நாலு, மறுபடி பழைய நாலா மாறி அடுத்த ரெண்டுக்காகக் காத்திருக்குது. வெள்ளைப் பேப்பர்ல இந்த 2, 4, 6, 5, 4 மட்டும் வட்டமா போடுங்க, அதுக்கு அப்புறம் எங்கெங்க எலக்ட்ரான் கழண்டு போகுதுன்னு நாலு இடத்துல அம்பு போடுங்க, பேரெல்லாம் மூணாவது நாள் எழுதினா போதும்.

அது கைக்கு வந்ததும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்க. 1937ல ஹான்ஸ் கிரெப்ஸ் புறாவோட நெஞ்சுத் தசையில வேலை பண்ணினார். மலோனேட்னு ஒரு பொருள் இந்த சைக்கிள்ல சக்ஸினேட் ஃபூமரேட்டா மாறுற படியை அடைச்சுடும், சக்ஸினேட் தேங்கி நிக்கும், அது எதிர்பார்த்ததுதான். ஆனா அடைச்ச பிறகு, அடைப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஃபூமரேட்டை ஊத்தினாலும் சக்ஸினேட் கூடிச்சு. வழி நேர்கோடா இருந்தா இது நடக்க வாய்ப்பே இல்ல. நீங்க வரைஞ்ச படத்துல ஃபூமரேட்ல விரலை வெச்சு, அடைப்பைத் தாண்டாம சக்ஸினேட்டுக்கு எந்த வழியா போய்ச் சேரலாம்னு நகர்த்திப் பாருங்க, போற வழியில வர்ற ஒவ்வொரு பேரையும் வாய் விட்டு சொல்லிக்கிட்டே.